கணக்கில் வராத மாப்பிள்ளை

கூச்சமுள்ளவர்கள் அமைதியானவர்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. எங்களுக்கும் ஆசைகள் உண்டு, வீம்பும் உண்டு. வாய் வழியாக வெளியே வர முடியாததால் அவை வேறு ஏதாவது வழியாக வந்து தொலைக்கும். என்னுடையது ஒரு வாடகைக் கார் வழியாக வந்தது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம். எனக்கு இருபத்தெட்டு வயது. காஜா பெராங்கில் அம்மாவோடு குடியிருந்தேன். மலாக்கா டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் ஆணி நிறுத்துப் போடும் வேலை. ஆணி வாங்க வருகிறவர்களிடம் "எத்தனை இஞ்சு?" என்று கேட்டால் போதும், மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. (அந்த வேலையில் நான் நிலைத்ததே அதனால்தான்.) பெண் பார்க்கப் போகிற இடத்தில் அப்படிக் கேட்க முடியாதல்லவா? அதற்கு முன் இரண்டு வீடுகளுக்குப் போயிருந்தோம். முதல் வீட்டில், "பையன் ஊமையா?" என்று ஆளனுப்பிக் கேட்டார்கள். இரண்டாவது வீட்டில் கேட்கக்கூட இல்லை, ஊமை என்றே முடிவு செய்துவிட்டார்கள்.

மூன்றாவதாகத் தம்பின் என்கிற ஊரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை.

"தம்பி, இதுதான் கடைசி," என்றார் அம்மா. "இதுவும் போச்சுன்னா இனிமே எவங்க வீட்டுப் படியையும் நான் மிதிக்க மாட்டேன். நீ ஆணியோடயே குடும்பம் நடத்திக்க."

அம்மா சொன்னால் சொன்னதுதான். ஒரு கோழி விஷயமாகப் பக்கத்து வீட்டு அம்மாவோடு பேச மாட்டேன் என்று சொல்லி, அந்தக் கோழி செத்து, அதன் பேரன் பேத்திகளும் செத்த பிறகும் பேசாமல் இருந்தவர். ஆகவே தம்பின் போய்விட்டால் எனக்கு ஆணிதான் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

தம்பினுக்கு இருபத்து நாலு மைல். பஸ்ஸில் போய் இறங்கினால் மரியாதையாக இருக்காது, கார் வேண்டும் என்று தீர்மானமாயிற்று. எங்களுக்குத் தெரிந்து வாடகைக்குக் கார் தருகிறவர் ஒருவர்தான்: செட்டிக் கம்பத்து நாய்க்கர். வட்டிக்கடைச் செட்டியார் என்று நினைத்துவிடாதீர்கள், இவர் மலாக்காச் செட்டி. அவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்து இந்த ஊரோடு கலந்துவிட்டவர்கள். சாமி நம் சாமி, விபூதி நம் விபூதி, பேச்சு மட்டும் மலாய். நாய்க்கரிடம் ஒரு கறுப்புக் கார் (எங்கள் பேச்சில் 'காடி') இருந்தது. தன் தோளில் போடும் துண்டாலேயே அதைத் துடைப்பார். தன் முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொள்வார்.

அவர் இரண்டு விதமாகத் தருவார். காரை மட்டும் எடுத்துப் போய் நாமே ஓட்டலாம். அல்லது அவரையும் டிரைவராகச் சேர்த்து எடுக்கலாம், கூலி தனி. இந்த இரண்டில் எது என்று எங்கள் வீட்டில் எட்டு நாள் பேச்சு நடந்தது. நாடு சுதந்திரம் வாங்குவதற்குக்கூட இவ்வளவு பேசியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

முதலில் மாமா. அம்மாவின் தம்பி. டவுனில் ஓர் ஆபீசில் பியூன், சாஸ்திரத்தில் கவர்னர். அவர் விரலை மடக்கினார்.

"நல்ல காரியத்துக்கு ஒத்தப்படையிலதான் போவணும். அஞ்சு, இல்லாட்டி ஏழு. மூணு ஆவாது. நான், அக்கா, இவன், இவனோட அக்கா, அவ புருஷன். அஞ்சு. சரியா இருக்கு."

"டிரைவர் வெச்சா ஆறு ஆயிடுமே மாமா," என்றேன். (அந்த வாரம் நான் பேசியதில் மிக நீளமான வாக்கியம் அது.)

"கூலிக்கு வர்றவரு கணக்குல வர மாட்டாரு. அவரு காடிக்கிட்டயே நிப்பாரு. வாசப்படி தாண்டறவங்கள மட்டும்தான் எண்ணணும்," என்று தீர்ப்பு வந்தது.

ஆக, எப்படிப் போனாலும் ஐந்துதான். புத்தியுள்ளவன் அந்த இடத்தில் டிரைவர் வைத்துக்கொண்டிருப்பான். அம்மாவும் அக்காவும் அத்தானும் அதைத்தான் சொன்னார்கள். நான் மட்டும் ஒப்பவில்லை. காரணம், கடை லாரி டிரைவரிடம் கற்றுக்கொண்டு, மூன்றாவது தடவையில் லைசென்ஸ் எடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. டிரைவர் ஓட்டினால் நான் பின்னால் அரிசி மூட்டை மாதிரிப் போய் இறங்குவேன். நானே ஓட்டினால்? பெண் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். நான் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, மறு கையை வெளியே தொங்கவிட்டு வாசலில் வந்து நிற்பேன். வாயால் சொல்ல வேண்டியதை எல்லாம் கார் சொல்லிவிடும். எட்டு நாளும் இந்தக் காட்சியைக் கட்டிலில் படுத்தபடி ஒத்திகை பார்த்தேன். (கட்டிலில் நான் அற்புதமாக ஓட்டினேன்.)

"காடி மட்டும் போதும். நானே ஓட்டுறேன்," என்றேன். நான் எதையும் கேட்டறியாத பிள்ளை என்பதால் அம்மா சம்மதித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும். ஒன்றரை மணிக்கே கார் வாசலுக்கு வந்தது. நாய்க்கர் இறங்கினார். மடிப்புக் கலையாத சரோங், வெள்ளைச் சட்டை, தங்கப் பொத்தான்கள், தலையில் கட்டு. சாவியை என் கையில் கொடுத்தார். பிறகு சுற்றிப் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எங்க வர்றீங்க?" என்றார் மாமா.

நான் ஓட்டவில்லை, நீங்களே ஓட்டுங்கள், நான் என் காருக்குத் துணையாக வருகிறேன் என்று மலாயில் சொன்னார் நாய்க்கர். காரைத் தனியாக அனுப்பினால் அவருக்குச் சோறு இறங்காதாம்.

மாமாவுக்கு வியர்த்தது. "அப்ப ஆறு ஆயிடுதே! ஐயா, நீங்க கூலி வாங்கிக்கிட்டு டிரைவரா வந்துடுங்க. கணக்குல வர மாட்டீங்க."

ஓட்டாதவனுக்கு ஏது கூலி? நாய்க்கர் கையை ஆட்டினார். "தா போலே, தா போலே." முடியாதாம். ரொம்ப கௌரவமான மனிதர்.

"டேய் முத்து, எறங்கி அவருகிட்டயே ஓட்டக் குடுத்திடுடா," என்றாள் அக்கா.

அதற்குள் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்ட நான் இறங்கவில்லை. இன்றைக்கு யோசித்தால் அந்த ஒரு நிமிஷத்தில் இறங்கியிருந்தால் போதும், எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

புறப்பட்டோம். முன்னால் நான், நடுவில் அத்தான், ஓரத்தில் நாய்க்கர். பின்னால் மற்ற மூவர். மூலை திரும்பியதுமே எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ஹேண்ட் பிரேக்கை நாய்க்கர் தன் சொத்தாக நினைக்கிறார். எதிரில் ஒரு சைக்கிள் வந்தாலும் அவர் கை அத்தானின் மடியைத் தாண்டி வந்து அதை இழுக்கும். கார் குலுங்கி நிற்கும். பின்னால் மூன்று தலைகளும் என் முதுகில் வந்து இடிக்கும். அவர் காருக்குத்தான் ஆறுதல் சொல்வாரே தவிர எங்களுக்குச் சொல்ல மாட்டார்.

"மெதுவாப் போடா!" என்பார் அம்மா.

"வெரசாப் போடா, ராகு காலம்!" என்பார் மாமா.

"என் காலு மேல இருக்கற கைய எடுக்கச் சொல்லு!" என்பார் அத்தான்.

அலோர் காஜா வரும்போது மணி மூன்றே கால். அதுவரை விரலை மடக்கியும் நீட்டியும் வந்த மாமா, "நிறுத்து!" என்றார். பஸ் நிற்கும் இடத்தில் நம் ஆள் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை, ஒரு சீப்பு வாழைப்பழம். அறுபது வயதிருக்கும்.

"அண்ணே, எங்க போறீங்க?"

"தம்பினுக்கு. பஸ்ஸக் காணோம்."

"ஏறுங்க! பஸ்ஸு எதுக்கு? நாங்க ஒரு நல்ல காரியத்துக்குப் போறோம். ஆறு பேரா இருக்கோம், ஆவாது. நீங்க ஏழாவதா எங்களோட அந்த வீட்டுக்குள்ள வந்து ஒரு காப்பி குடிச்சிட்டு, அப்பறம் ஒங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போங்க."

அவர் எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "காப்பிதானே. குடிச்சிட்டாப் போச்சு," என்று சொல்லிப் பின்னால் ஏறினார். மாமா பாதி அவர் மடியில், பாதி கதவில்.

ஏழு ஆகிவிட்ட நிம்மதியில் எல்லாருக்கும் வாய் திறந்துகொண்டது. இலவசமாக ஏறியவருக்குக் கதையும் இலவசம்.

"மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டார் அவர்.

"இந்தா ஓட்டுறானே, இவன்தான்," என்றார் அம்மா. "தங்கமான புள்ள. வாயத்தான் தொறக்க மாட்டான். ரெண்டு எடத்துல ஊமைன்னு சொல்லிட்டாங்க."

"பொண்ணு வீட்டுல எப்படிப்பட்ட ஆளுங்க?"

"பரவால்லயாம்," என்றாள் அக்கா. "ஒரு பெரியப்பாதான் சுசாவாம், கஷ்டமான ஆளாம். அவரு தலையாட்டலன்னா ஒன்னும் நடக்காதாம். சரியான முசுடாம். ஆட்டுவாரோ ஆட்டமாட்டாரோ. கழுத்துல சுளுக்கோ என்னமோ!"

"அப்படியா சொன்னாங்க?" என்றார் அவர். அதன் பிறகு தம்பின் வரும்வரை அவர் காதை மட்டும் நீட்டிக்கொண்டு வந்தார். மற்றவர்கள்தான் பேசினார்கள். நான் கியர் மாற்றும் அழகு, என் தாடை, நான் சின்ன வயதில் கோவில் திருவிழாவில் தொலைந்துபோய் யாரிடமும் வழி கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு மணி நேரம் ஒரு தூணோடு நின்றது, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார்கள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ரயில்வே வீடுகள் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தபோது மணி நாலு தாண்டியிருந்தது. எந்த வீடு என்று நான் திகைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து, "அந்தப் பச்சைக் கதவுகிட்ட நிறுத்து தம்பி," என்று குரல் வந்தது. ஏழாவது ஆள்! நிறுத்தினேன். அவர் குடையோடும் பழத்தோடும் இறங்கினார். உள்ளேயிருந்து பெண்ணின் அப்பா ஓடி வந்தார்.

"வாங்கண்ணே! பஸ்ஸு கெடைக்கலயோன்னு பயந்துட்டேன். எப்படி வந்தீங்க?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களோடதான் வந்தேன்," என்றார் பெரியப்பா. "கழுத்துலதான் கொஞ்சம் சுளுக்கு."

பின் சீட்டில் அக்காவின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. கிளட்சை மிதித்திருந்த என் கால் தானாக எழுந்துகொண்டது. கார் ஒரு துள்ளுத் துள்ளி, வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குள் பாய்ந்து, செம்பருத்திச் செடியைச் சாய்த்து, சமையலறைக்கு வெளியே இருந்த சாக்கடைக் கால்வாயில், எங்கள் பேச்சில் லோங்காங்கில், ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது. ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, மறு கையைத் தொங்கவிட்டு... அதெல்லாம் கட்டிலோடு போயிற்று.

எல்லாரும் இறங்கினார்கள். நாய்க்கர் அழாத குறை. ஆனால் அவருடைய தங்கப் பொத்தானையும் தலைக்கட்டையும் பார்த்த பெண்ணின் அப்பா, வந்தவர்களில் இவர்தான் பெரிய மனிதர் என்று நினைத்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, "வாங்க வாங்க," என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய் முதல் நாற்காலியில் உட்கார்த்திவிட்டார். நாய்க்கர் காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மாமா சந்திலேயே நின்று விரலை மடக்கினார். ஏழாவது ஆள் பெண் வீட்டு ஆள் ஆகிவிட்டார். மறுபடி ஆறு.

"நாய்க்கர வெளியில கூப்புடுங்களேன்," என்றார் அத்தான்.

"ஒக்காந்தவர எப்படிய்யா எழுப்பறது? அவரு வாசப்படி தாண்டிட்டாரு!" மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. அந்தப் பார்வையில் சாஸ்திரம் பளிச்சிட்டது. "முத்து, காடிய ஓட்டுனது யாரு?"

"நான்தான்."

"டிரைவர் கணக்குல வர மாட்டாரு. நீ இங்கயே நில்லு."

"பொண்ணு பாக்க மாப்பிள்ளை வேணாமாடா?" என்று பதறினார் அம்மா.

"மொதல்ல அஞ்சு பேரா உள்ள போயி ஒக்காருவோம். காரியம் நல்லபடி ஆரம்பிக்கட்டும். அப்பறம் கூப்டுக்கலாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒரே சந்தோஷம். தன்னுடைய பெண் பார்க்கும் சடங்கிலிருந்தே விடுப்புக் கிடைத்த மனிதன் இந்த மலாயாவில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கால்வாயில் இறங்கிச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அது என்னைப் பொருட்படுத்தவில்லை.

சமையலறைக் கதவு திறந்தது. பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்த ஒரு பெண், ஓரம் உடைந்த இனாமல் குவளையோடு வந்தாள்.

"டிரைவரண்ணே, காப்பி."

அவள்தான் தனம். நான் பார்க்க வந்த பெண். உள்ளே கூப்பிடும்வரை சமையலறையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் குவளையை வாங்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பெண் எதிரே நின்றும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. நான்தான் மாப்பிள்ளை இல்லையே, டிரைவர்தானே?

"சர்க்கரை போதுமா?"

"போதும். காப்பி நல்லா இருக்கு. இந்தச் செம்பருத்திதான் பாவம். மன்னிச்சிடுங்க."

"அது எங்க சித்தி வெச்சது. போனாப் போவுது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, ஒன்னு கேட்டா உண்மையச் சொல்வீங்களா? கதவிடுக்குல பாத்தேன். உள்ள ரெண்டு பொம்பள, மூனு ஆம்பள. ஒருத்தரு அக்கா புருஷன்னு தெரிஞ்சி போச்சு. ஒருத்தரு வெரல எண்ணிக்கிட்டே இருக்காரு. அப்ப... அந்த சரோங் கட்டி, தங்கப் பொத்தான் போட்டு, முறுக்கத் தின்னுக்கிட்டிருக்காரே, அவரா மாப்பிள்ளை?"

அவள் கண்ணில் நீர் தேங்கியிருந்தது. நாய்க்கருக்கு ஐம்பத்தைந்து வயது.

"அவரா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அஞ்சு மணிக்கு சிரம்பானுக்கு ரயில் இருக்கு. நான் எங்க மாமா வீட்டுக்குப் போயிடுவேன்."

"ஐயோ, இல்ல, இல்ல!" என்றேன். "அவரு காடிக்குச் சொந்தக்காரரு. மாப்பிள்ளை உள்ள இல்ல."

"அப்ப எங்க?"

முழங்கால்வரை சேறு. கையில் உடைந்த குவளை. ஓடலாமென்றால் கால் புதைந்திருந்தது. "மாப்பிள்ளை," என்றேன், "லோங்காங்குல நிக்கறாரு."

அவள் கால்வாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கால்வாயைப் பார்த்தாள், வேறு யாராவது இருக்கிறார்களா என்று. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கதவைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து, எழுந்து! நான் ஏன் கணக்கில் வரவில்லை என்பதை விளக்கினேன். ஏழாவது ஆள் கதையைச் சொன்னேன். அக்கா பேசிய சுளுக்கைச் சொன்னேன். நான் பேசிக்கொண்டே இருந்தேன். வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்திருந்தது அன்றைக்குக் கொட்டியது போலிருந்தது.

"சரி, மொதல்ல இத வெளிய எடுப்போம்," என்று தனம் ஒரு பலகையைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் சொருகினாள். சேலையை இழுத்துச் சொருகினாள். "நீங்க ஏறி ரிவர்ஸ் போடுங்க. நான் தள்ளுறேன்."

போட்டேன். கார் அலறியது. சக்கரம் சுழன்று, கால்வாயில் எத்தனையோ வருஷமாக ஊறியிருந்ததை எல்லாம் எடுத்துப் பட்டுச்சேலை மீதும், பூ மீதும், அவள் முகத்தின் மீதும் வீசியது. கார் மேலே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் நாய்க்கர். வாயில் முறுக்கு. "கெரேத்தா சாயா! கெரேத்தா சாயா!" என் கார், என் கார் என்று கத்திக்கொண்டே அதைக் கட்டிப்பிடித்தார். அவருக்குப் பின்னால் எல்லாரும். பெண்ணின் அப்பா தன் மகளைப் பார்த்தார். கண்களைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"டேய்! யாருடா நீ? பொண்ணு பாக்கற அன்னைக்கு எம்பொண்ண காடி தள்ளவா வைக்கிற?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அம்மா, "போச்சு," என்று படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆணிகள் கண்ணில் தெரிந்தன. இரண்டு இஞ்சு, மூன்று இஞ்சு.

"தம்பி, கைய எறக்கு," என்றார் பெரியப்பா. "அதுதான் மாப்பிள்ளை."

ஓங்கிய கை அப்படியே நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையாலேயே எனக்கு ஒரு கும்பிடு போட்டார் பெண்ணின் அப்பா.

"அலோர் காஜாவிலேருந்து ஒம்பது மைலு இவன் பின்னால ஒக்காந்து வந்தேன்," என்றார் பெரியப்பா. "ஒருத்தி மெதுவாங்கறா, ஒருத்தன் வெரசாங்கறான், ஒருத்தரு பிரேக்க இழுக்கறாரு. தூணோட நின்ன கதையெல்லாம் சொல்லி மானத்த வாங்குறாங்க. ஒருத்தர ஒரு சொல்லு எதுத்துப் பேசல இவன். என்னைய முசுடுன்னும் இவன் சொல்லல." அக்கா அத்தானின் பின்னால் ஒளிந்தாள். "எனக்குப் பிடிச்சிருக்கு. நீ என்னம்மா சொல்ற?"

தனம் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். "காடிதான் ஓட்டத் தெரியல, பெரியப்பா. மத்தபடி நல்லாத்தான் பேசுறாரு."

"பேசுனானா?" அம்மா படியிலிருந்து துள்ளி எழுந்தார். "எம்மவனா? என்னம்மா பேசுனான்? சொல்லும்மா, என்ன பேசுனான்?"

பெரியப்பா மெதுவாக, எல்லாருக்கும் தெரியும்படி, தலையை ஆட்டினார். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலத்துக்கு மூன்று நிமிஷம் இருந்தது. அத்தனை பேரும் சந்தில் நின்றபடியே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். வாசப்படி யாரும் தாண்டாததால் எண்ண வேண்டிய அவசியமே இல்லை என்று மாமா சொல்லிவிட்டார்.

திரும்பும்போது நாய்க்கர் ஓட்டினார். நான் பின்னால் அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்து வந்தேன். சொர்க்கமாக இருந்தது. அதன் பிறகு எங்கே போனாலும் டிரைவர் வைத்துக்கொண்டுதான் போகிறோம். அதில் எங்கள் வீட்டில் இரண்டு பேச்சுக் கிடையாது.

தம்பின் பக்கத்து உறவுக்காரர்கள் என் பெயரைச் சொல்வதில்லை, 'டிரைவர் மாப்பிள்ளை' என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் ஏதாவது ஒன்றுக்கு ஆள் எண்ணி இரட்டைப்படை வந்துவிட்டால் எல்லார் முகமும் என் பக்கம் திரும்பும். நானும் பேசாமல் எழுந்து போய்விடுவேன். போன மாதம் எங்கள் மூத்த மகளைப் பெண் பார்க்க ஜாசினிலிருந்து வந்தார்கள். ஐந்து பேர், அவர்களோடு ஒரு டிரைவர். மாப்பிள்ளை டை கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார். தனத்தைக் காணோம். எட்டிப் பார்த்தால், காரருகே காப்பியோடு நிற்கிறாள்.

"தம்பி, நீங்க நெசமாவே டிரைவர்தானே?"

அந்தப் பையன் என்ன தப்புச் செய்தோமோ என்று மிரண்டுபோய் லைசென்ஸை எடுத்து நீட்டினான். தனம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காப்பியைக் கையில் கொடுத்தாள்.